பண்ணைக்குட்டைத் தண்ணீர் ஒரு வாரமாகியும் தெளியவில்லை: இது கூழ்மமா, தொங்கலா?

பாலக்கோடு பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இதுதான். மகளின் அறிவியல் பாடத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது: தொங்கல் என்றால் அடியில் படியும், கூழ்மம் என்றால் படியாது. ஆனால் மழையில் நிரம்பிய உங்கள் பண்ணைக்குட்டை ஒரு வாரமாகியும் செங்கலங்கலாகவே நிற்கிறது. வாளியில் மொண்டு வைத்தால் அடியில் மண் தங்குகிறது, மேலே இருப்பது மட்டும் தெளிவேனா என்கிறது. அப்படியானால் அதைக் கூழ்மம் என்பதா, தொங்கல் என்பதா? பால் கூழ்மம் என்று டீச்சர் சொல்கிறார், கறந்த பாலை இரவு வைத்தால் காலையில் ஏடு மேலே நிற்கிறதே, அது பிரிவது ஆகாதா? கடைசியில், படிகாரம் போடலாமா, சொட்டுநீருக்கு விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாடம் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும், எத்தனை நேரம் காத்திருந்து பார்த்த பிறகு ஒன்றைப் படியாது என்று சொல்லலாம் என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி. அது சரியான கேள்வி. அந்த அட்டவணை அதற்குப் பதில் சொல்வதில்லை.

நான் வேதியியல் படித்தவன். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் லேபில் பல வருடம் இருந்தேன், அப்புறம் தண்ணீர் சுத்திகரிப்பு வேலைக்கு வந்துவிட்டேன். ஆக, கலங்கலை உண்டாக்குவதும் கலங்கலைப் போக்குவதும் இரண்டுமே எனக்குப் பிழைப்பாக இருந்திருக்கிறது. உங்கள் குட்டைத் தண்ணீரை நான் பார்க்கவில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் நீங்கள் எழுதியதை வைத்துத்தான். துகள்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு விஷயம், அது அளந்து பார்த்து உறுதியானது.

முதலில் சுருக்கமான பதில்: உங்கள் வாளியில் இரண்டும் இருக்கின்றன. அடியில் தங்கியது தொங்கலாக இருந்த பகுதி. மேலே நிற்பதில் பெரும்பகுதி கூழ்மம். இயற்கையில் கிடைக்கும் கலங்கல் தண்ணீர் அநேகமாக எல்லாமே இப்படிக் கலப்படம்தான். மண் ஒரே அளவில் பொடியாவதில்லை. மணல், வண்டல், களி என்று எல்லா அளவும் ஒரே மழையில் அடித்துக்கொண்டு வருகிறது. அட்டவணை போடுகிறவர்கள் ஒரே அளவுத் துகள் உள்ள திரவத்தை மனதில் வைத்துப் போடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது அளவுக்கு வருவோம், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது. தண்ணீரில் ஒரு துகள் இறங்கும் வேகம் அதன் குறுக்களவின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பது ஸ்டோக்ஸ் விதி. அளவு பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகும். மண் துகளின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறக்குறைய 2.6 மடங்கு என்று வைத்துக் கணக்குப் போட்டால், 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் ஓர் அடி ஆழம் இறங்க அரை நிமிடம் போதும். அதில் பத்தில் ஒன்றான 10 மைக்ரான் வண்டலுக்கு ஒரு மணி நேரம் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 1 மைக்ரான் களித்துகளுக்கு கிட்டத்தட்ட நான்கு நாள். 0.1 மைக்ரானுக்கு ஒரு வருடத்துக்கும் மேல். 0.01 மைக்ரான், அதாவது 10 நானோமீட்டர் என்றால் நூறு வருடம் தாண்டும். இது துகள் உருண்டையாக இருந்து, தண்ணீர் துளிகூட அசையாமல் இருந்தால் வரும் கணக்கு. களித்துகள் தட்டையானது, இன்னும் மெதுவாக இறங்கும். உங்கள் குட்டையோ வெயிலில் சூடாகி, இரவில் குளிர்ந்து, காற்றில் அலைந்து புரண்டுகொண்டே இருக்கும். 1 மைக்ரானுக்குக் கீழே உள்ள எதுவும் அங்கே இறங்கி உட்கார வாய்ப்பே கிடைக்காது. ஒரு வாரத்தில் தெளியாததில் அதிசயம் ஒன்றும் இல்லை. மண் பரிசோதனை நிலையத்தில் களி எத்தனை சதவீதம் என்று பார்ப்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். 2 மைக்ரான் துகள் 10 சென்டிமீட்டர் இறங்க ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகும், அதுவரை காத்திருந்து மேலே இருப்பதை உறிஞ்சி எடுத்து உலர்த்தி எடை போடுவார்கள்.

அப்படியானால் கூழ்மம் என்பது மெதுவாகப் படியும் தொங்கல்தானா என்று கேட்கலாம். அப்படியும் முழுக்கச் சொல்லிவிட முடியாது. ஓர் அளவுக்குக் கீழே வேறொரு விசை கணக்கில் வந்துவிடுகிறது. தண்ணீரின் மூலக்கூறுகள் ஓயாமல் நாலாபக்கமும் ஓடி, கிடைத்த துகளையெல்லாம் இடித்துக்கொண்டே இருக்கின்றன. சந்தைக் கூட்டத்துக்குள் நுழைந்த எருமையை எல்லாரும் எல்லாப் பக்கமும் இடித்தாலும் அது தன் பாட்டுக்கு நடக்கும், அதே கூட்டத்தில் சின்னப் பையன் மாட்டினால் அங்கும் இங்குமாக அலைக்கழிந்து போவான். பெரிய துகளின் மேல் விழும் இடிகள் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். சின்னத் துகளின் மேல் விழுபவை சரிக்கட்டாது. இந்த அலைக்கழிப்பைத்தான் பிரௌனியன் இயக்கம் என்று பாடத்தில் எழுதியிருப்பார்கள். 1827-இல் ராபர்ட் பிரௌன் மைக்ரோஸ்கோப்பில் கண்டது, 1905-இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டு விளக்கியது.

அந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 10 மைக்ரான் துகள் ஒரு வினாடியில் 90 மைக்ரான் கீழே இறங்குகிறது, அதே வினாடியில் இடிபட்டு நகர்வது 0.3 மைக்ரான்தான். எடைதான் ஜெயிக்கிறது. 0.1 மைக்ரான் துகள் ஒரு வினாடியில் இறங்குவது 0.009 மைக்ரான், இடிபட்டு நகர்வது 3 மைக்ரான். எடைக்கு அங்கே மரியாதையே இல்லை. 1 மைக்ரானில் இரண்டும் ஏறக்குறைய சமம்: 0.9 இறக்கம், 0.9 அலைச்சல். கூழ்மத்தின் மேல் எல்லை 1 மைக்ரான், அதாவது 1000 நானோமீட்டர் என்று சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை என்பது இதில் தெரிகிறது. அந்த இடத்தில்தான் இயற்கையே கட்சி மாறுகிறது. ஆனால் கோடு கிழித்தது போல மாறுவதில்லை. இறக்கம் ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகும், அலைச்சல் முன்னும் பின்னுமாகக் கழிந்துபோகும், அதனால் 2 மைக்ரான், 1 மைக்ரான், அரை மைக்ரான் என்று வரும் பகுதி ஒரு சாம்பல் நிலம். அடர்த்தி மாறினாலும் எல்லை நகரும். தங்கத் துகளுக்கு ஓர் எல்லை, கொழுப்புக்கு இன்னோர் எல்லை. உங்கள் மகளின் புத்தகத்தில் 1 முதல் 100 நானோமீட்டர் வரை கூழ்மம் என்று இருந்து, மேல் வகுப்புப் புத்தகத்தில் 1 முதல் 1000 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். இரண்டு வழக்கமும் உண்டு, வேதியியலாளர்கள் இன்று பொதுவாக எடுத்துக்கொள்வது 1000.

தங்கம் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1850-களில் தங்கத்தை மிக நுண்ணிய துகளாக்கித் தண்ணீரில் நிறுத்தினார். சிவப்பாக இருக்கும் அந்தத் தண்ணீர் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு கனம். அதுவே படியாமல் நிற்கிறது என்றால், சின்ன அளவு என்ற ஒரு காரணம் போதாது. ஏனென்றால் துகள்கள் அலையும்போது ஒன்றோடு ஒன்று மோதுகின்றன. மோதியவை ஒட்டிக்கொண்டால் பெரிதாகும், பெரிதானால் படியும். ஒட்டாமல் தடுப்பது துகளின் மேல் இருக்கும் மின்சுமை. களித்துகளின் பரப்பில் எதிர்ச்சுமை இருக்கிறது. எல்லாத் துகளும் ஒரே சுமை என்பதால் கிட்டே வந்தாலே விலகிப் போகின்றன. தொங்கலுக்கு இந்தப் பாதுகாப்பு இருந்தாலும் பயனில்லை, எடை இழுத்துக்கொண்டு போய்விடும். கூழ்மத்துக்கு இதுதான் உயிர். அந்தச் சுமையை எடுத்துவிட்டால் கூழ்மம் நம் கண்ணெதிரே தொங்கலாக மாறிப் படிந்துவிடும். படிகாரம் செய்வது அதைத்தான், அதற்கு அப்புறம் வருகிறேன்.

அட்டவணையில் எனக்கு ஒரு சண்டை உண்டு. துகள்கள் ஒளியைச் சிதறடித்து ஒளிக்கோடு தெரிய வைக்கும் டிண்டால் விளைவை வைத்துக் கூழ்மத்தையும் தொங்கலையும் பிரித்துவிடலாம் என்பது போலச் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். லேசர் பாயிண்டரை உப்புக் கரைசலில் அடித்தால் ஒளிக்கோடு தெரியாது, நீர்த்த பாலில் அடித்தால் தெரியும். அது உண்மைக் கரைசலையும் கூழ்மத்தையும் பிரிக்கும் சோதனை. தொங்கலும் ஒளியைச் சிதறடிக்கத்தான் செய்யும், சில சமயம் ஒளியே மறுபக்கம் போகாத அளவுக்கு. வடிதாள் சோதனைதான் இங்கே உதவும். சாதாரண வடிதாளின் துளை சில மைக்ரானிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைக்ரான் வரை. தொங்கலில் பெரும்பகுதி தாளில் நின்றுவிடும், கூழ்மம் அப்படியே இறங்கிவிடும். கூழ்மத்தைக் கரைசலிலிருந்து பிரிக்க அதைவிட நுண்ணிய சவ்வு வேண்டும். 1861-இல் தாமஸ் கிரஹாம் தோல்காகிதம் போன்ற சவ்வில் ஊற்றிப் பார்த்து, உப்பும் சர்க்கரையும் வெளியே போகின்றன, கோந்து போகவில்லை என்று கண்டதிலிருந்துதான் இந்தத் துறையே தொடங்கியது. அவர் அன்று பொருள்களையே இரண்டு சாதியாகப் பிரித்தார். பிற்பாடு அது பொருளின் குணம் இல்லை, பொருள் இருக்கும் நிலை என்று தெரியவந்தது. தண்ணீரில் கரைந்துபோகும் சமையல் உப்பையே பென்சீனில் கூழ்மமாக்கலாம்.

கந்தகம் இதற்கு நல்ல சாட்சி. உங்கள் மகளின் பள்ளியில் ஆய்வகம் இருந்தால் டீச்சரிடம் சொல்லி இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட்டின் நீர்த்த கரைசலில் கொஞ்சம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பின்னால் ஒரு டார்ச் வைத்துப் பார்த்தால் பக்கவாட்டில் லேசான நீலம் படரும், அப்போது கந்தகம் மிக நுண்ணிய கூழ்மமாகப் பிறந்துகொண்டிருக்கிறது. நீல ஒளியைத்தான் சின்னத் துகள்கள் அதிகம் சிதறடிக்கும் என்பதால் நேரே வரும் டார்ச் வெளிச்சம் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவந்துபோகும். துகள்கள் வளர வளர எல்லாம் பாலாக வெளுக்கும், வெளிச்சம் மறைந்துவிடும். விட்டுவைத்தால் மஞ்சள் தூளாக அடியில் தங்கும். கரைசல், கூழ்மம், தொங்கல், வீழ்படிவு என்று பாடத்தில் நான்கு பெயராக இருப்பது ஒரே பீக்கரில் இடைவெளி இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிறது. எந்த வினாடியில் கூழ்மம் தொங்கலானது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. கந்தக டை ஆக்சைடு வாயு வரும், ஜன்னலைத் திறந்துவைத்துக் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். வீட்டில் வேண்டாம்.

பாலுக்கு வருகிறேன். பால் கூழ்மம் என்பது பாதி உண்மை என்பேன். பாலில் சர்க்கரை உண்மைக் கரைசலாக இருக்கிறது. கேசின் என்ற புரதம் 50 முதல் சில நூறு நானோமீட்டர் வரை உருண்டைகளாகத் திரண்டு நிற்கிறது. அது அசல் கூழ்மம், பாலின் வெண்மையில் அதற்கும் பங்கு உண்டு. கொழுப்பு உருண்டைகளோ 0.1 மைக்ரானிலிருந்து 10 மைக்ரான் வரை போகும், சராசரியாக 3, 4 மைக்ரான். அவை மேலே சொன்ன எல்லைக்கு வெளியே விழுந்துவிடுகின்றன. கொழுப்பு தண்ணீரைவிட லேசானது என்பதால் கீழே படிவதற்குப் பதில் மேலே ஏறுகிறது, அதே ஸ்டோக்ஸ் விதி தலைகீழாக வேலை செய்கிறது. பாக்கெட் பாலில் சில வகைகளில் ஏடு கட்டாததற்குக் காரணம், ஹோமோஜினைசர் என்ற இயந்திரத்தில் பெரிய அழுத்தத்தில் சின்ன இடுக்கு வழியே பீய்ச்சி, கொழுப்பு உருண்டைகளை 1 மைக்ரானுக்குக் கீழே உடைத்துவிடுகிறார்கள். உடைத்தபின் அது நிற்கிறது. காய்ச்சிய பாலின் மேல் வரும் ஆடை வேறு சமாசாரம், அது சூட்டில் திரண்ட புரதமும் கொழுப்பும் சேர்ந்த தோல். ஆக உங்கள் சந்தேகம் நியாயமானது. பாலைக் கூழ்மம் என்று சொல்வது புத்தக வழக்கம், குறிப்பாக ஒரு திரவத்துக்குள் இன்னொரு திரவம் துளித்துளியாக நிற்கும் பால்மம் என்ற வகை. தேர்வில் உங்கள் மகள் அப்படியே எழுதட்டும், மார்க் அதற்குத்தான்.

நம் ஊரில் இதைவிட நல்ல உதாரணம் ராகி. ராகி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் மாவு கீழே, தண்ணீர் மேலே. மாவிலுள்ள ஸ்டார்ச் மணிகள் மைக்ரான் அளவில் இருப்பவை, அப்பட்டமான தொங்கல். அதையே அடுப்பில் வைத்துக் கிளறினால் 60 டிகிரி தாண்டும்போது மணிகள் தண்ணீரைக் குடித்து ஊதி, உள்ளேயிருந்து நீண்ட மூலக்கூறுகள் வெளியே கசியும். அந்த ஒவ்வொரு மூலக்கூறும் தானாகவே கூழ்ம அளவு. கூழாகிவிட்டது, இனி ஆறவிட்டாலும் பழையபடி மாவும் தண்ணீருமாகப் பிரியாது. இந்த வகைக் கூழ்மத்துக்கு மின்சுமை பெரிதாகத் தேவையில்லை, தண்ணீரே அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பாடத்தில் கரைப்பான் விரும்பும் கூழ்மம் என்பது இதுதான். களிமண், தங்கம், கந்தகம் எல்லாம் கரைப்பான் வெறுக்கும் கட்சி. அதனால்தான் கூழில் உப்பைப் போட்டுக் குடிக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. கலங்கல் தண்ணீரில் உப்பைப் போட்டால் கதை மாறிவிடும்.

மாம்பழத்திலும் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கும். பெங்களூரா மாங்கூழில் சல்லடை தாண்டி வந்த சதைத் துணுக்குகள் பத்துக்கணக்கில், நூற்றுக்கணக்கில் மைக்ரான் இருக்கும், அது தொங்கல். அதைத் தாங்கி நிற்கும் பெக்டின் என்ற பழப்பசை கூழ்மம். பெக்டின் திரவத்தைக் கெட்டியாக்குவதால் துணுக்குகள் இறங்கும் வேகம் குறைகிறது. அதே கூழைத் தண்ணீர் விட்டு ஜூஸாக்கினால் பெக்டின் நீர்த்துப்போகும், பாட்டிலின் அடியில் சதை தங்க ஆரம்பிக்கும். வாடிக்கையாளர் ஜூஸ் கெட்டுப்போனது என்று நினைத்துத் திருப்பி அனுப்புவார். கெட்டதெல்லாம் இல்லை, குலுக்கினால் சரியாகிவிடும். குலுக்கிவிட்டுக் குடிக்கவும் என்று மருந்து பாட்டிலில் போட்டிருந்தால் அது தொங்கல் என்று தைரியமாக எழுதலாம். அங்கே அதில் ஒரு விளையாட்டும் இல்லை, குலுக்காவிட்டால் முதல் ஸ்பூனில் மருந்து குறைவாகவும் கடைசி ஸ்பூனில் அதிகமாகவும் போகும். தக்காளிக்கு மேங்கோசெப் என்ற பூஞ்சாண மருந்து அடிக்கும்போதும் இதே நியாயம்தான். நனையும் தூள் எல்லாம் தொங்கல், டேங்கைக் கலக்கிக்கொண்டே அடிக்க வேண்டும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்க்கச் சொல்வதும் இதனால்தான். புதிதாக இருக்கும்போது தாமிரம் மெல்லிய கூழ்மம் போல இலையில் ஒட்டும், வைத்திருந்தால் துகள் பெருத்துப் படிந்துவிடும், ஒட்டும் சக்தியும் போய்விடும்.

சரி, படிகாரம். களியின் எதிர்ச்சுமையை நேர்ச்சுமை உள்ள அயனிகள் வந்து அடக்கினால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அயனியின் சுமை கூடினால் துகளைத் திரட்டும் அதன் வலு பல மடங்கு கூடும் என்பது ஷூல்ஸ் ஹார்டி விதி. ஒற்றைச் சுமை சோடியத்தைவிட இரட்டைச் சுமை கால்சியம் ஏறக்குறைய 64 மடங்கு, மூன்று சுமை அலுமினியம் ஏறக்குறைய 729 மடங்கு வலிது என்று கோட்பாடு சொல்லும். நடைமுறையில் அந்த எண்கள் அப்படியே வராது, வரிசை மட்டும் மாறாது. படிகாரத்தில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அலுமினியம் தண்ணீரோடு சேர்ந்து பஞ்சு போன்ற ஹைட்ராக்சைடு திரளாகி, இறங்கும் வழியில் களியை வாரிக்கொண்டு போகும். தண்ணீர் நிலையத்தில் நாங்கள் பெரும்பாலும் நம்புவது இந்த இரண்டாவது வேலையைத்தான்.

அளவைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. 10 கிராம் படிகாரத்தை 1 லிட்டர் நல்ல தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி நான்கைந்து பாட்டிலில் குட்டைத் தண்ணீர் ஒவ்வொரு லிட்டர் எடுத்து, சிரிஞ்சால் 2, 4, 6, 8 மில்லி என்று விடுங்கள். 1 மில்லி என்றால் லிட்டருக்கு 10 மில்லிகிராம். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, அப்புறம் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாகச் சுற்றிவிட்டு, அரை மணி நேரம் வையுங்கள். தெளிந்ததில் எது குறைந்த அளவோ அதுதான் உங்கள் அளவு. அதிகம் போட்டால் இன்னும் தெளியும் என்று நினைக்க வேண்டாம், சில சமயம் சுமை தலைகீழாகி மறுபடி கலங்கி நிற்கும். லிட்டருக்கு 40 மில்லிகிராம் என்று வந்தால் 2 லட்சம் லிட்டர் குட்டைக்கு 8 கிலோ ஆகும். படிகாரம் தண்ணீரைப் புளிக்க வைக்கும், அதாவது அமிலத்தன்மையைக் கூட்டும், மழைத்தண்ணீருக்கு அதைத் தாங்கும் காரத்தன்மை குறைவு, மீன் விட்டிருந்தால் கவனம் தேவை. அதற்குப் பதில் கடலைக்குப் போடும், கால்சியம் உள்ள ஜிப்சத்தையும் பாட்டிலில் சோதிக்கலாம். படிகாரத்தைவிடப் பல மடங்கு அளவு வேண்டும், ஆனால் புளிப்பேற்றாது. உங்கள் போர்வெல் தண்ணீர் கடினமானதாக இருந்தால் அதையே ஒரு பங்கு கலந்து பாருங்கள், அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் ஓரளவு இதே வேலையைச் செய்யும். ஒகேனக்கல்லில் செம்மண் நிறத்தில் விழும் வெள்ளத்தில் கனமானது மேட்டூர் அணையில் தங்கிவிடும், அதையும் தாண்டிப் போகும் நுண்ணிய களியைக் கடலுப்புதான் முகத்துவாரத்தில் திரட்டிக் கீழே இறக்குகிறது. பாட்டி காலத்தில் பானையில் உரைத்த தேத்தாங்கொட்டையும் களியைத் திரட்டிப் படிய வைக்கும். ஒரு குடத்துக்குச் சரி, குட்டைக்கு ஆகாது.

தெளிந்தபின் அதைக் குடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கிருமி போகாது என்பது எல்லாருக்கும் தெரியும். கரைந்திருப்பதும் போகாது என்பதைத்தான் நம் மாவட்டத்துக்காரர்கள் மறக்கக்கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி போர்வெல் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளூரைடு இருக்கிறது. அது உண்மைக் கரைசல், ஒரு நானோமீட்டருக்கும் கீழே. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், எத்தனை வருடம் வைத்தாலும் படியாது, வடிதாளில் நிற்காது, காய்ச்சினால் இன்னும் செறிவாகும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லும் எலும்பும் பாதிக்கும். 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஃபுளூரோசிஸைத் தணிப்பதையும் சேர்த்தே போடப்பட்டது இதனால்தான். வேடிக்கை என்னவென்றால், நல்கொண்டா முறை என்று ஒன்று உண்டு, அதில் ஃபுளூரைடையும் படிகாரமும் சுண்ணாம்பும் போட்டே எடுக்கிறார்கள். அலுமினியத் திரளின் மேல் ஃபுளூரைடு ஒட்டிக்கொண்டு கூடவே இறங்கிவிடும். ஆனால் அதற்குத் தெளிய வைக்கப் போடுவதைப் போலப் பல மடங்கு படிகாரம் வேண்டும். அதை வீட்டில் அளவு தெரியாமல் செய்ய வேண்டாம், குடிநீர் என்றால் முதலில் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

சொட்டுநீர் பற்றி. டிஸ்க் ஃபில்டர் நிறுத்துவது ஏறத்தாழ 130 மைக்ரான் வரைதான், அதாவது மணலை மட்டும். மணல் ஃபில்டர் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். 1 மைக்ரான் களி எல்லாவற்றையும் தாண்டிப் போகும், சொட்டுவானின் வழி அதைவிடப் பல நூறு மடங்கு பெரிது என்பதால் வெளியேயும் வந்துவிடும். களி களியாகவே இருக்கும் வரை தொல்லை குறைவு. உரத்தை அதே லைனில் விடும்போதுதான் வம்பு. கால்சியம் நைட்ரேட் போன்ற உரம் கலங்கல் தண்ணீரோடு சேர்ந்தால், படிகாரம் பாட்டிலில் செய்த வேலையை அது குழாய்க்குள் செய்துவிடும், திரண்ட களி லேட்டரலின், அதாவது சொட்டுவான் பொருத்திய பக்கக்குழாயின், கடைசியில் போய் அடைக்கும். அதனால் கலங்கலாக இருக்கும் வாரத்தில் உரத்தை போர்வெல் தண்ணீரில் விடுங்கள். குட்டைத் தண்ணீரிலேயே விட்டாக வேண்டும் என்றால் முதலில் ஒரு பாட்டிலில் இரண்டையும் கலந்து ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். திரி திரியாகக் கட்டினால் அந்த உரத்தை வேரடியில் கையால் ஊற்றுவதே மேல். எப்படி விட்டாலும், முடித்ததும் லேட்டரல் முனைகளைத் திறந்து தண்ணீர் தெளிவாக வரும் வரை ஓடவிட்டு மூடுங்கள்.